அக்காவின் முகம் மாறிய வருடங்கள்

என் அக்காவிடம் ஏதோ மாறுகிறது என்று முதலில் சொன்னவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே இராதவர்கள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் அப்போதும் நிறையப் பேர் இருந்தார்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் தினமும் காலையில் சூரத்துக்கு லைன் கேட்பார். வருஷக்கணக்காக அவருக்கு அக்காவின் குரல் பழக்கம். ஒருநாள் அவர், "என்ன சார், அந்தம்மா இன்னிக்கு லீவா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான்தான் பேசறேன்."

"வெளையாடாதீங்க சார். சூரத் லைனைக் குடுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் நின்றுகொண்டே இதை அவள் நடித்துக் காட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "ஏசியிலேயே உக்காந்துண்டிருந்தா தொண்டை கட்டாம என்ன பண்ணும்?" என்று அம்மா மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். தொண்டை சரியாகவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் அவளை "சார்" என்று கூப்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். அவள் அதை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் இருந்தோம். அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெறும் நிலையில் இருந்தார். அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். இடையில் யாரும் இல்லை. நான் அப்போது உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்தேன். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் தூங்கினோம். ஒருவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் அவரிடம் எதுவும் தெரிவதில்லை. அவள் குறட்டை விட ஆரம்பித்தது எனக்குத் தெரியும். தூக்கம் கெட்டதே என்று கோபப்பட்டேன். மார்கழிக் காலையிலும் அவள் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது தெரியும். எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பாண்டி பஜாரில் செருப்பு வாங்கப் போனபோது கடைப்பையன் இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து மூடிவிட்டு, "லேடீஸ்ல இதுக்கு மேல சைஸ் வராது மேடம். ஜென்ட்ஸ்ல காட்டட்டுமா?" என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மோதிரம். முதல் சம்பளத்தில் அவளே வாங்கிக்கொண்ட மோதிரம் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சோப்பு, எண்ணெய் எதற்கும் அசையவில்லை. மாட வீதியில் நகை பழுது பார்க்கிற ஆசாரி ஒருவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வெரலு இப்டி வீங்கிக் கீது? உப்பு ஜாஸ்தி துன்றியா?"

"வீக்கம் இல்லீங்க. வலிக்கல. அப்படியே இருக்கு."

அவர் மெல்லிய அரத்தால் மோதிரத்தை அறுத்து எடுத்தார். விரலைச் சுற்றிப் பள்ளம் போல ஒரு வெள்ளைத் தடம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்ததால் வீட்டில் வரன் பார்ப்பது மும்முரமாக நடந்தது. ஜாதகத்தோடு அனுப்புவதற்கு லஸ் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த ஃபோட்டோ இருந்தது. எடுத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நன்றாக வந்திருந்ததால் அதையே பிரதி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. பையன் பேங்கில் வேலை. அவனுடைய அப்பா பொதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவனுடைய அம்மாவோ அக்கா வந்து உட்கார்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அக்காவைப் பார்ப்பதும், காபி கொண்டுவந்த என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் என் அம்மாவின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதேங்கோ. ஃபோட்டோல இருக்கறது இவளா, இல்ல அந்தச் சின்னவளா?"

"பெரியவதான்," என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரே ஜாடை. எல்லாரும் சொல்லுவா."

"ஜாடை இருக்கு. ஆனா ஃபோட்டோல வேற மாதிரின்னா இருக்கு."

தணிந்த குரல்தான். ஆனால் அந்தக் கூடத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. பையன் தரையைப் பார்த்தான். அவர்கள் பேச்சை வேறு எங்கோ திருப்பி, கொஞ்ச நேரம் நாகரிகமாக உட்கார்ந்திருந்து, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். மாடிப்படியில் அவர்களுடைய செருப்புச் சத்தம் அடங்கியதும் அப்பா மேஜை மீதிருந்த ஃபோட்டோவை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். திரும்பி அக்காவைப் பார்த்தார். மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார்.

அக்கா எழுந்து போய் அவர் கையிலிருந்து அதை வாங்கினாள்.

"அவா சொல்றது சரிதானேப்பா," என்றாள். "இது நான் இல்ல."

மூக்கு அகன்றிருந்தது. உதடு தடித்திருந்தது. புருவத்துக்கு மேலே எலும்பு மேடிட்டு, தாடை முன்னால் வந்திருந்தது. எல்லாம் ஒரே நாளில் என் கண்ணுக்குப் பட்டன. அதற்கு முந்தின நாள் வரை அவை எங்கே இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. ஃபோட்டோவை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள் டூட்டிக்குப் புடவை எடுத்து வைத்தாள்.

என்ன செய்வது, எந்த டாக்டரிடம் போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அடிக்கடி வந்த தலைவலிக்கு ஏற்கெனவே ஒருவரைப் பார்த்து, கண்ணாடி போட்டாயிற்று. முகம் மாறிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வழியைக் காட்டியது ஒரு பல் டாக்டர். சாப்பிடும்போது பல்லிடுக்கில் சாதம் மாட்டிக்கொள்கிறது, முன்பு நெருக்கமாக இருந்த பல்லெல்லாம் விலகுகிறது என்று அக்கா மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஒரு பெண் டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் அவள் வாயைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"செருப்பு சைஸ் மாறிச்சா உங்களுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "மாறித்து."

"மோதிரம்?"

"அறுத்து எடுத்தாச்சு."

"தலைவலி? மாசாமாசம் ஒழுங்கா ஆகறதா?"

"வலி இருக்கு. மத்தது நின்னு ஒரு வருஷமாச்சு."

அது எனக்கே தெரியாது.

"பழைய ஃபோட்டோ ஏதாவது இருந்தா அடுத்த தடவை எடுத்துண்டு வர முடியுமா?"

"ஃபோட்டோவா," என்று அக்கா சிரித்தாள். "அது ஒரு எடத்துக்குப் போய்ட்டு, இது வேற யாரோன்னு திரும்பி வந்துடுத்து டாக்டர்."

பல் டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு ஹார்மோன் நிபுணரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, தள்ளிப் போடாமல் பாருங்கள் என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் எல்லாம் முடிந்து ஹார்மோன் நிபுணரின் முன்னால் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் ஒரு கட்டி என்றார். கேன்சர் இல்லை. அம்மா கை கூப்பினாள். அவர் அவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிவிட்டு மேலே சொன்னார். அந்தக் கட்டி வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அது ரத்தத்தில் போய்க் கல்லீரல் செல்களின் மேல் செய்தி வாங்குவதற்கென்று இருக்கிற ரிசப்டர் புரதங்களில் ஒட்டுகிறது. கல்லீரல் உடனே இன்னொரு வளர்ச்சிக் காரணியைச் சுரந்து உடம்பெல்லாம் அனுப்புகிறது. அதற்கான ரிசப்டர் எலும்பில் இருக்கிறது, தோலில் இருக்கிறது, நாக்கில், குரல்வளையில், இதயத்தில் இருக்கிறது. எல்லாம் வளர்கின்றன.

அக்கா கவனமாகக் கேட்டாள். பிறகு, "நான் வளர்ந்து முடிச்சுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே டாக்டர். அந்த செல்லுக்கெல்லாம் அது தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா. ஹார்மோன் வந்து வெளியில ஒட்டினா உள்ள வேலை ஆரம்பிச்சுடும். யார் அனுப்பினா, எதுக்கு அனுப்பினான்னு அது கேக்காது."

"எங்க எக்ஸ்சேஞ்ச் போர்டும் அப்படித்தான். விளக்கு எரிஞ்சா எடுத்துத்தான் ஆகணும்."

எனக்குக் கல்லூரியில் அந்தப் பருவத்தில்தான் செல் சவ்வுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் சவ்வில் செருகிக்கொண்டு நிற்கும் புரதங்கள். வளர்ச்சிக் காரணி வந்து வெளிப்பாதியைப் பற்றினதும் உள்பாதி விழித்துக்கொள்வது. அங்கிருந்து செய்தி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கைமாறி உட்கரு வரை போவது. காயம் ஆறுவதும், சிசு கை கால் பெறுவதும் இதனால்தான் என்று எங்கள் பேராசிரியை சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே பாடத்தைப் பரீட்சைக்காக நான் சத்தம் போட்டுப் படிக்கும்போது பக்கத்துப் பாயில் அக்கா தலைவலியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பிறகு நான் வாய்விட்டுப் படிப்பதை விட்டுவிட்டேன். "ஏண்டி நிறுத்திட்டே? படி. என்னோட கதைதானே," என்றாள் ஒருநாள்.

கட்டி கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் வருவது அவளுக்குத் தெரியவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தாள். தெருவில் சைக்கிள்காரர்கள் திட்டினார்கள். விரல்கள் மரத்துப் போய், எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுக்கிற பிளக் நழுவி விழுந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியாது என்றார்கள். மூக்கு வழியாகவே உள்ளே போய் எடுத்தார்கள். இரண்டு நாசியிலும் பஞ்சு அடைத்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு அவள் கிடந்த அந்த வாரத்தில் அம்மா அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முதல் சில வாரங்களில் நல்ல மாற்றம் இருந்தது. தலைவலி விட்டது. வியர்வை குறைந்தது. கை விரல்களிலும் உதட்டிலும் இருந்த தடிப்பு வடிந்தது. அம்மா தினமும் காலையில் அவள் முகத்தைக் கையில் ஏந்தி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். "கொறஞ்சிருக்கோன்னோ? நீயே பாரு, மூக்கு கொறஞ்சிருக்கு," என்று என்னைக் கூப்பிடுவாள். நானும் ஆமாம் என்பேன். மறு பரிசோதனைக்குப் போனபோது அம்மா டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"பழைய மூஞ்சி எப்போ வரும் டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "தண்ணி கோத்துண்டிருந்தது வடிஞ்சிருக்கு மாமி. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். அது திரும்பாது. இனிமே வளராமப் பாத்துக்கணும். அதுவே பெரிய வேலை."

அம்மா அதற்கப்புறம் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை.

கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. மிச்சத்துக்குக் கதிர் சிகிச்சை. பல வாரம், தினமும் காலையில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு பக்கம் பஸ். கூட்டத்தில் யாராவது அவளை உற்றுப் பார்த்தால் அவளும் அவர்களையே உற்றுப் பார்ப்பாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஹார்மோனைக் குறைக்கக் கொடுத்த மாத்திரை சாப்பிட்டால் குமட்டும். சாப்பிட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து எச்சிலை விழுங்கிக்கொண்டிருப்பாள். கதிரின் பலன் தெரிய வருஷங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை கட்டுப்படுத்த ஓர் ஊசி இருந்தது. அதை வருஷக்கணக்கில் போட்டுக்கொள்வது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஆகிற காரியமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் ஊரெல்லாம் மஞ்சள் போர்டு வைத்த எஸ்டிடி பூத்துகள் வந்துவிட்டன. டிரங்க் கால் கேட்கிறவர்கள் இல்லாமல் போனார்கள். ஆபரேட்டர்களை ஒவ்வொருவராக வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். அக்காவைப் புகார் கவுன்ட்டரில் போட்டார்கள். ஒன்பது வருஷம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போர்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், இப்போது கம்பி வலைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து உட்கார வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"ஒரு மாமி வந்தா. போன் ரெண்டு நாளா டெட்டாம். சொல்ல வந்தவ, என்னைப் பாத்துட்டு எல்லாத்தையும் மறந்துட்டா. பக்கத்துல இருக்கறவாகிட்ட 'இது ஆம்பளையா பொம்பளையா'ங்கறா. நான் புடவை கட்டிண்டு உக்காந்திருக்கேன்."

"நீ என்ன சொன்னே?" என்று அப்பா கேட்டார்.

"நம்பரைச் சொல்லுங்கோன்னேன். வேற என்ன சொல்றது?"

அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை அலம்பப் போனார். மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க போட்டாலும் மூஞ்சி கூடத்தானே வரும்," என்றாள்.

என் கல்யாணம் அந்தச் சமயத்தில்தான் நிச்சயமாயிற்று. அவள் இருக்க எனக்குச் செய்வதா என்று நான் மறுத்தேன். அக்கா ஒரு சாயங்காலம் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு நடக்காதுன்னு எனக்குத் தெரியும். நீ பண்ணிக்காம இருந்தா எனக்கு மூஞ்சி மாறிடுமா? அப்பாவுக்கு ஒரு கல்யாணமாவது பண்ணிப் பாக்கணும்னு இருக்கு. அதைக் கெடுக்காதே."

கல்யாணத்தன்று மண்டபத்தில் அவள் சாமான் அறையை விட்டு வெளியே வரவில்லை. தேங்காய், வெற்றிலை, பட்சணம் எல்லாம் அவள் பொறுப்பு. முகூர்த்தம் முடிந்து ஃபோட்டோவுக்கு எல்லோரையும் கூப்பிட்டபோது நான் மாலையோடு எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "என் மூஞ்சி உன் ஆல்பத்துல வேண்டாம்டி. நாளைக்கு யாராவது யாருன்னு கேப்பா, நீ உக்காந்து கதை சொல்லணும்," என்று கையை விடுவித்துக்கொண்டாள். என் கணவர் அவளிடம் வந்து, "நீங்க இல்லாம எடுக்க மாட்டோம்," என்றார். அவள் அவர் தலையில் அட்சதை போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் அவள் இல்லாமல்தான் எடுத்துக்கொண்டோம்.

வருஷங்கள் போகப் போக அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நடுவில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து வருவாள். இதயம் பெரிதாகியிருக்கிறது என்றார்கள். சுவர்கள் தடித்து, ரத்தத்தை வெளியே தள்ளும் பலம் குறைந்திருந்தது. வெளியே எல்லோரும் பார்த்தது முகத்தை. உள்ளே யாரும் பார்க்காத இடத்தில்தான் பெரிய கெடுதல் நடந்திருந்தது. நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். விடுமுறை போட்டு அவளோடு டாக்டரிடம் போவேன். அவளோடு நான் கடைசியாகப் போன தடவை அந்த வயதான நிபுணர், வெளிநாட்டில் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சொன்னார். அது கட்டியைத் தொடாது. வளர்ச்சி ஹார்மோன் போல வேஷம் போட்டுக்கொண்டு போய் ரிசப்டர் மேல் உட்கார்ந்துகொள்ளும். நிஜ ஹார்மோன் வந்தால் இடமிருக்காது. கட்டி எவ்வளவு சுரந்தாலும் கல்லீரலுக்கு எட்டாது.

"கொஞ்சம் சீக்கிரம் பண்ணச் சொல்லுங்கோ டாக்டர்," என்றாள் அக்கா.

அந்த வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை. ஒரு மத்தியானம் ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்தவள் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். சந்தில் முழங்கால் தண்ணீர். கார் வராது. அப்பா தெருமுனைக்கு ஓடி ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்தார். டிரைவர் இறங்கித் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். "பயப்படாத நைனா, நா இட்டுகினு போறேன்," என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே, அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாராம். எனக்குத் தகவல் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அப்பா வராந்தா பெஞ்சில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அவளோடு டிரங்க் போர்டில் வேலை பார்த்த பெண்கள் மறுநாள் குடையும் கையுமாக வந்தார்கள். சிலர் அவளைப் பல வருஷமாகப் பார்க்காதவர்கள். கூடத்தில் கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, என் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்துத்தான் அழுதார்கள்.

அந்த மருந்து சில வருஷம் கழித்து வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தது. அடையாறில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அன்று மயிலாப்பூருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பா அதற்குள் காலமாகியிருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அது இருந்திருந்தா மூஞ்சி சரியாகியிருக்குமா?"

"மூஞ்சி சரியாகியிருக்காது. ஹார்ட் தப்பிச்சிருக்கலாம். அதுவும் நிச்சயமாச் சொல்ல முடியாது."

அம்மா ஒரு தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள்.

"மூஞ்சி எனக்குப் பழகிப் போச்சு," என்றாள். "அதை அவகிட்ட நான் சொல்லவே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்து கொடுத்துவிட்டு, பஸ் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பினேன்.